இதர வருமானம்

இஞ்சருங்கோ,

நேரில் சொன்னால் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மகளைப் பெண் கேட்டு வந்த கீதன் அப்படி என்ன குற்றம் செய்தான்? "தம்பிக்கு எங்கை வேலை?" என்று கேட்டீர்கள். "ஆபாசப் படம் எடுக்கிற கம்பெனி ஒண்டில கணக்கு வேலை, அங்கிள்" என்று மறைக்காமல் சொன்னான். "உந்தக் காசிலை என்ர பிள்ளை சாப்பிடத் தேவையில்லை" என்று எழும்பிப் போய்விட்டீர்கள். அவன் குடிக்காத தேத்தண்ணியை நான்தான் சிங்க்கில் ஊற்றினேன்.

மில்லிக்கனிலிருந்து மிசிசாகாவுக்குக் கார் ஓடிப் போய் நீங்கள் வேலை செய்கிற கேபிள் கம்பெனி, அதே மாதிரிப் படங்களைத்தானே காட்டிக் காசு உழைக்கிறது? பங்குதாரர் கூட்டத்தில் ஒரு பெண் எழும்பி, அந்தப் படங்களில் எவ்வளவு லாபம் என்று கேட்டாராம். "எல்லாம் இதர வருமானத்துக்கை சேர்த்தாச்சு, தனியச் சொல்லத் தேவையில்லை எண்டு நான்தான் பதில் எழுதிக் குடுத்தனான்" என்று சோற்றைப் பிசைந்தபடி எவ்வளவு பெருமையாகச் சொன்னீர்கள்! சொன்னவன் கெட்டவன், ஒளித்தவர் மரியாதைக்காரர், அப்படியா?

கீதன் வந்துபோன நாளிலிருந்து மகள் உங்களோடு கதைப்பதில்லை. கவனித்தீர்களோ தெரியாது.

நேற்றுக் கீதனின் அம்மா எனக்குப் போன் எடுத்துக் கதைத்தார். "பிள்ளையின்ர அப்பா என்ன வேலை?" என்று கேட்டார். "வந்து அவரிட்டையே கேளுங்கோ" என்றேன். ஞாயிறு பின்னேரம் குடும்பமாக வருகிறார்கள்.

"கேபிள் கம்பெனி" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில்தான் நிற்பேன். மிச்சத்தை நான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உந்தக் காசிலேயே இத்தனை வருடம் சமைத்தவள்