ஃப்ரிட்ஜைக் குத்தியவன் பெயர்

நாள் 212. காலை 8.10
நிலாத்தளம், சமையலறை. எழுதுவது பிச்சம்மாள், சமையல் பொறுப்பு. தளத்தில் இரண்டே பேர்: நானும் பொறியாளர் நவநீதனும். ஃப்ரீசரில் நாலு விரல் கனத்துக்கு ஐஸ் கட்டியிருக்கிறது. சுவிட்சை அணைத்தேன். உள்ளே ஒரு சட்டி வெந்நீர் வைத்தேன். கீழே பழைய துண்டு விரித்தேன். என் இருதய மருந்துக் குப்பிகளை ஐஸ் பையோடு போர்வையில் சுற்றினேன். மதியத்துக்குள் எல்லாம் இளகிவிடும். இதற்குப் பொறுமை போதும், படிப்பு வேண்டாம்.

காலை 9.40
அடுத்த அறைக்குக் கீரைக்குத் தண்ணீர் விட வந்தேன். பேச்சுப்பெட்டியில் அவன் குரல்: “ஆச்சி, இன்னுமா ஒழுகுது? பத்து நிமிசத்துல பேத்து எடுத்திருதேன்.”
“தொட்டேன்னா கை இருக்காது.”
“நான் இஞ்சினியர், ஆச்சி!”

காலை 9.55
புஸ்ஸென்ற சத்தம். திருப்புளியால் குத்தியிருக்கிறான். ஐஸுக்குப் பின்னால் வாயுக்குழாய் ஓடுவது நாலாம் வகுப்புக்காரிக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் படித்த துரைக்குத் தெரியாது. வாயு போய்விட்டது. ஃப்ரிட்ஜ் இனி வெறும் அலமாரி.
நாற்பது வருஷத்துக்கு முன் என் நாத்தனாரும் இப்படித்தான் கத்தியால் குத்தினாள். பழியை என்மேல் போட்டாள். அன்று அவள் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள் சேலை.

நாள் 213. காலை 7.00
குப்பிகளில் பாதி சூட்டில் கலங்கிவிட்டன. மீதியை வெளியே நிழலில் வைத்தான் அந்த அறிவாளி. உறைந்து வெடித்தன. மருந்து இல்லாமல் எட்டு நாள் தாங்கும் என்பது டாக்டர் கணக்கு. நேற்றுப் போட்டதுதான் கடைசி. அவசரம் என்று சொன்னால் பூமியிலிருந்து கப்பல் வர ஆறு நாள். ரேடியோ அவன் கைரேகைக்குத்தான் திறக்கும். எப்படிக் கெட்டது என்று கேட்பார்களாம். வேலை போய்விடுமாம். கூப்பிட மாட்டேன் என்கிறான்.

மாலை 5.20
பேச்சுப்பெட்டியில்: “ஆச்சி, வெந்நீர நீங்கதான் கொட்டிக் கெடுத்ததா ஒரு கையெழுத்துப் போடுங்க. இப்பவே கப்பலக் கூப்பிடுதேன். வயசானவங்கள யாரு என்ன சொல்லப் போறா?”
“நாப்பது வருசமா என் கையில ஒரு ஃப்ரிட்ஜ் கெட்டதில்லலே. போட மாட்டேன்.”

நாள் 215. காலை 6.30
கால் வீங்கியிருக்கிறது. மணிக்கொரு தரம் கேட்கிறான். கையெழுத்துக்குக் காத்திருக்கிறான். அவன் முதுகெலும்புக்குத் திருப்புளியே மேல்.

நாள் 216. மாலை 4.12
சொல்லிவிட்டான். பேச்சுப்பெட்டியைத் திறந்து வைத்து, எனக்குக் கேட்கும்படி:
“பூமி, இது நவநீதன். குத்தினது நான்தான். ஆச்சிமேல தப்பு இல்ல.”
பூமி: “கப்பல் கிளம்புகிறது. ஆறு நாள்.”
எனக்கு மீதி நாலு. அவனுக்குக் கழித்தல் இப்போதுதான் வந்தது.

நாள் 219
மணி தெரியவில்லை. கண் மங்குகிறது. மூச்சு பாதியில் நிற்கிறது. கதவுக்கு வெளியே அழுகிறான். பேச்சுப்பெட்டியில்: “ஆச்சி, கதவடியில கஞ்சி வச்சிருக்கேன், ஒரு வாய்.”
குடித்துப் பார்த்தேன். உப்பு இல்லை. கட்டி கட்டியாக. இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர்கள் இதையும் அவன் பேரில் எழு