இல்லை என்று நான் சொன்ன நங்கூரம்

உன் மடிக்கணினியைத் திறந்தேன்; எறும்பு வந்தது. ஒன்றிரண்டல்ல, ஓர் ஊர்வலம். விசைகளுக்கு நடுவே நீ சிந்திவைத்த மக்ரூன் துகள்கள் இத்தனை மாதம் அவற்றுக்குப் படியளந்திருக்கின்றன. தட்டச்சு செய்துகொண்டே தின்னாதே என்று நான் சொன்னதை நீ ஒருநாளும் கேட்டதில்லை. முந்திரி, சர்க்கரை, உன் சன்னல் வழியாக வந்து படிந்த நிலக்கரித் தூசி, மூன்றும் கலந்த ஒரு மணம் எழுந்தது. அதை முகர்ந்து நான் கண்ணீர் விட்டேன் என்று எழுத மாட்டேன். ஒரு பழைய பல்துலக்கியை எடுத்து விசைப்பலகையைத் துடைத்தேன்.

நீ போன பிறகு, உன் மகன் கப்பலிலிருந்து விடுப்பில் இறங்கி, வீட்டைக் காலி செய்யும்போது கொண்டுவந்து கொடுத்தான். "ஆன்ட்டி, இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு அம்மா சீட்டெழுதி ஒட்டி வச்சிருந்தாங்க. பாஸ்வேர்டும் அதுலயே இருக்கு." கடவுச்சொல்லைக் கணினியின் முதுகிலேயே எழுதி ஒட்டிவைத்த கணினிக்காரி இந்த ஊரில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

கல்லூரியில் நாம் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள். பிறகு நான் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். நீ துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் கொள்கலன்களை அட்டவணையில் அடைக்கப் போனாய். ஓய்வு பெற்ற பின் இருவருக்கும் பொழுதும் போகவில்லை, கோபமும் குறையவில்லை. அப்போதுதான் என்னை மீனவர் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். ஒரு புயலுக்குப் பிறகு கரை ஒதுங்கிய உடல்களுக்குப் பெயர் சொல்ல முடியாமல் போனதில் சங்கத்தாருக்கு ஒரு புத்தி வந்திருந்தது. கடலுக்குப் போகிற ஒவ்வொருவனின் அடையாளங்களையும் அவன் உயிரோடு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும் என்பது அது. எழுதிவைக்க நீ; கணக்குப் பார்க்க நான்.

பெயர், தகப்பன் பெயர், ஊர், வள்ளம். நான்கு பத்திகள். அதுவரை நமக்குள் சண்டை இல்லை. ஐந்தாவது பத்தியில் தொடங்கிற்று. பச்சைகுத்துக்கு ஒரு பத்தி, தழும்புக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று என்று நான் கோடு கிழித்துக்கொண்டு வந்திருந்தேன். நீ தாளைத் தள்ளிவிட்டாய்.

"ஒருத்தனுக்கு வெரல் இல்ல. ஒருத்தனுக்குத் தங்கப் பல்லு. ஒருத்தன் இடுப்புல பொண்டாட்டி கட்டிவிட்ட நீலக் கயிறு. நீ எத்தன பத்திளா போடுவ? சாவப்போறவன் இன்ன அடையாளத்தோடதான் வருவேன்னு எழுதிக் குடுத்துட்டா போறான்?"

அப்படித்தான் 'அடையாளம்' என்ற ஒரே பத்திக்குள் ஜேசான் என்ற கணினி வடிவத்தை நுழைத்தாய். தெரியாதவர்களுக்கு நீ விளக்கும் விதம் எனக்கு மனப்பாடம்: அட்டவணையின் அந்தக் கட்டத்துக்குள் ஒரு பை, பைக்குள் எத்தனை பொட்டலமும் போடலாம், ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு சீட்டு, அதற்குச் சாவி என்று பெயர். ஒருவன் பையில் 'பச்சை' என்ற சாவி இருக்கும். இன்னொருவன் பையில் 'தழும்பு' மட்டும் இருக்கும். மூன்றாமவன் பையில் இரண்டும் இருக்கும். எனக்கு அது மூட்டையாகத் தெரிந்தது. அட்டவணை என்பதே ஓர் ஒழுக்கம், அதற்குள் மூட்டை கட்டிவைப்பது ஒழுக்கக்கேடு என்றேன். "ஒழுக்கமா? ஏளா, இதென்ன கன்னியர் மடமா?" என்று நீ சிரித்தாய். சங்கத்துச் செயலாளரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அன்று நீ இன்னொன்றும் சொன்னாய். "ஒரு பச்சைதான் இருக்குன்னா அது வெறும் எழுத்தா உக்காரும். ரெண்டு மூணு இருந்தா பட்டியலா உக்காரும். கேக்கும்போது பாத்துக் கேளு." நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. பிடிக்காத ஒன்றின் நுணுக்கத்தைக் கற்றுக்கொள்ளும் பணிவு எனக்கு அப்போது இல்லை. இப்போதும் அதிகமில்லை.

நீ மதுரைக்குக் கண்புரை அறுவைக்குப் போயிருந்த வாரம் அது. வேம்பார்ப் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியிருந்தது. முகம் இல்லை. வலது முன்கையில் ஒரு நங்கூரம் மட்டும் தெளிவாக இருப்பதாகவும், தோளிலிருந்து முழங்கைவரை மீன் கொத்திவிட்டதாகவும் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். உங்கள் பதிவில் இப்படி யாராவது உண்டா என்று கேட்டார்கள். நான் உட்கார்ந்து, கணினியிடம் கேட்கும் வினவலை எழுதினேன். 'பச்சை' என்ற சாவியை இரட்டை அம்புக்குறியால் வெறும் எழுத்தாக உரித்து எடு. அது 'நங்கூரம்' என்பதற்குச் சமமா பார். கணினி ஒரு நொடி எடுத்துக்கொண்டது. பூச்சியம் வரிசைகள் என்றது. பிழை என்று சொல்லவில்லை, சிவப்பு எழுத்து எதுவும் காட்டவில்லை. நான் தொலைபேசியை எடுத்து, "எங்கள் பதிவில் அப்படி ஒருவர் இல்லை" என்று நல்ல தமிழில் சொன்னேன். உரிமை கோர ஆளில்லாத உடல் என்று எழுதி அவர்கள் அவனை அடக்கம் செய்தார்கள்.

தேடிக் கிடைக்காததை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். மாணவிகள் அதைப் படித்துத் தேர்வும் எழுதினார்கள்.

ஐந்து மாதம் கழித்து மெட்டில்டா வந்தாள். இறால் உரிக்கும் கம்பெனியிலிருந்து நேராக, கையில் ஈரத்தோடு. அவள் கணவன் கிளமென்ட், சண்டை போட்டுக்கொண்டு கேரளத்துக்கு வள்ளத்தொழிலுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன். கோபம் தணிந்தால் பேசுவான் என்று அவள் இருந்திருக்கிறாள். அங்கிருந்து ஒருவர் வந்து, அவன் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை என்று சொன்ன பிறகுதான் பதறிப்போய்ச் சங்கத்துக்கு ஓடிவந்தாள். நீ பெயரைப் போட்டு அவன் வரிசையை எடுத்தாய். பையைத் திறந்தாய். பச்சை: சிலுவை, நங்கூரம். திரைக்கு மேலாக நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவன் பையில் இருந்தது பட்டியல். பட்டியலை முழுதாக எழுத்தாக உரித்து, இது நங்கூரம்தானா என்று கேட்டால், இல்லை, இது சிலுவையும் நங்கூரமும் என்றுதான் கணினி கணக்கிடும். ஒற்றை அம்புக்குறியால் பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்து, இதற்குள் நங்கூரம் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டால் ஒற்றை எழுத்தும் அகப்படும், பட்டியலும் அகப்படும். நீ அன்று மாலை அப்படிக் கேட்டுக் காட்டினாய். திரையில் பதினொரு பேர் வந்தார்கள். பத்து வீட்டில் ஆள் உயிரோடு இருந்தான்.

"ஏளா, மொதல்ல சிலுவ குத்தாம எவன்ளா இந்தக் கரையில நங்கூரம் குத்துவான்? அவன் ஆத்தா விட்டுருவாளா?" என்றாய் மெதுவாக. அதுதான் என்னைக் குத்திற்று. நங்கூரம் என்பது எப்போதும் இரண்டாவது. என் வினவல் கிளமென்டை மட்டும் தவறவிடவில்லை. இந்தக் கரையின் ஒரு நங்கூரத்தைக்கூட அது கண்டுபிடித்திருக்க முடியாது. கடற்கரையில் பிறந்த எந்தச் சிறுமியும் அந்தப் பூச்சியத்தைப் பார்த்த உடனே சிரித்திருப்பாள். நான் ஊருக்குள் பிறந்தவள், நம்பினேன்.

சட்டையும் இடுப்புக் கயிறும் அவனுடையவைதான் என்று நிலையத்தில் காட்டிய படத்தைப் பார்த்து மெட்டில்டா சொல்லிவிட்டாள். எந்த வள்ளத்தில் ஏறினான், எங்கே விழுந்தான் என்பது இன்றுவரை தெரியாது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஓர் இடம். ஆனால் அடக்கம் செய்த நிலத்தில் அதற்குள் வேறு உடல்களும் இறங்கியிருந்தன. எது அவன் என்று குழிவெட்டியவராலும் கைகாட்ட முடியவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரியோடு அவரவர் கல்லறைக்குப் போக, அவள் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றிவிட்டுத் திரும்புகிறாள்.

"யாரு தேடுனது?" என்று செயலாளர் கேட்ட அந்தக் காலையை நான் மறக்கவில்லை. அறையில் மெட்டில்டாவும் அவள் அண்ணன்மார் இருவரும் நின்றார்கள். என் கையில் தேநீர்க் குவளை. நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தாம் தேடுனேன்" என்றாய். மதுரையில் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவள்! அந்தத் தேதியை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. குவளையைக் கீழேகூட வைக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னாய்: "ஒன்னைய அவிய தாங்கமாட்டாவ. நாளைக்கு ஒரு பொம்பள ஒங்கிட்ட மவன் ஒடம்புல என்ன இருக்குன்னு சொல்லமாட்டா. நான் அவிய ஆளு. நாலு ஏச்சு ஏசிட்டு விட்டுருவாவ." நியாயமாகத்தான் பட்டது. எனக்குச் சாதகமான நியாயங்கள் எனக்கு விரைவில் விளங்கிவிடும்.

ஆனால் அவர்கள் விடவில்லை. கோயில் வாசலில் உன்னைக் கண்டால் மெட்டில்டா குரலை உயர்த்துவாள். "வாராள்லா, எம் புருசன இல்லேன்னு சொன்ன மவராசி! கும்புடு, நல்லாக் கும்புடு!" நீ முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போவாய். நான்கு ஆண்டுகள். ஒருமுறை நான் கூட இருந்தேன். "கால் வலிக்கி, வெரசா நட" என்பதற்கு மேல் நீ எதுவும் சொல்லவில்லை.

இப்போது உன் கணினிக்கு வருகிறேன். சங்கத்தில் இரண்டு புதிய பிள்ளைகள் பொறுப்பேற்கிறார்கள். பழைய வினவல்கள் வேண்டும் என்றார்கள். தேடினேன். என்னுடைய அந்த ஒற்றைவரி வினவலை நீ அழிக்காமல் வைத்திருக்கிறாய். அதன் தலைப்பில் எழுதியவர் பெயருக்கு நேரே என் முதலெழுத்துகளை எடுத்துவிட்டு, உன்னுடையதைப் போட்டிருக்கிறாய். வாயால் சொன்னது போதாதென்று ஆவணத்தையும் திருத்தியிருக்கிறாய். நாளைக்கு எவராவது கோப்பைத் தோண்டினாலும் நான் அகப்படக் கூடாது! உன்னைத் திட்டுவதற்கு ஆள் இல்லாத அறையில் உட்கார்ந்து சத்தமாகவே திட்டினேன். பிறகு உன் எழுத்துகளை அழித்து என்னுடையதைப் போட்டேன். கோப்பில் திருத்துவது எளிது. மெட்டில்டாவிடம் போவதற்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர், உள்ள இருங்க" என்றாள். நான் உட்காரவில்லை. தேடியது நான், கேட்ட விதம் தவறு, நீ அன்று ஊரிலேயே இல்லை, பழியை வாங்கிக்கொண்டாய், நான் வாய்மூடி இருந்தேன் என்று ஐந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். ஒரு சொல் பிசகவில்லை.

அவள் என்னை ஏசவில்லை. ஏசுவாள் என்ற தைரியத்தில்தான் போயிருந்தேன். குடத்தைக் கவிழ்த்துவைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

"நாலு வருசம் அவியள வாசல்ல வச்சி ஏசிருக்கேன் டீச்சர். எங்க தெருவே கேட்டிருக்கு. செத்ததுக்குப் போவல. ஒரு பிடி மண்ணு போடல. நல்லா வேணும்னு நெனச்சேன்." கவிழ்த்த குடத்தை மறுபடி நிமிர்த்தினாள். "நீங்க இப்ப வந்து எறக்கி வச்சிட்டிய. நான் எங்கன கொண்டு எறக்கட்டும்?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "போங்க டீச்சர். எனக்கு மத்தியானம் ஷிப்டு இருக்கு" என்றாள்.

உண்மை சொன்னால் மனம் லேசாகும் என்று எழுதிவைத்தவர்களுக்கு, கேட்கிறவர் ஒருவர் எதிரே நிற்பார் என்பது தோன்றவில்லை போலும். நீ நான்கு ஆண்டு சுமந்ததை நான் பத்து நிமிடத்தில் இன்னொருத்தி தலையில் ஏற்றிவிட்டு வந்தேன். ஆட்டோவில் திரும்பும்போது, நீ இருந்திருந்தால் போகவிட்டிருக்க மாட்டாய் என்று தோன்றிற்று. அதற்காக நீ செய்தது சரி என்று ஒப்புக்கொள்வதாக நினைக்காதே.

பொறுப்பை அந்தப் பிள்ளைகளிடம் இன்னும் முழுதாக ஒப்படைக்கவில்லை. சுறுசுறுப்பானவர்கள், விடை வந்த உடனே நம்பிவிடுகிறார்கள். நேற்று ஆத்தூருக்குக் கிழக்கே ஆற்று முகத்தில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது. இடக்காலில் தீக்காயத் தழும்பு. ஒற்றை அம்புக்குறியால் எடுத்து, அதற்குள் உண்டா என்றுதான் கேட்டேன். பூச்சியம் வந்தது. நிலையத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். காலையிலிருந்து ஒவ்வொரு பையாகத் திறந்து வாசிக்கிறேன்: யார் வீட்டுத் தாய் தழும்பைத் தழும்பு என்று சொல்லாமல், சிறுவயதில் அடுப்பில் விழுந்தான் என்று கதையாகச் சொல்லியிருக்கிறாள் என்று. பாதி ஊர்கூட முடியவில்லை. கண் எரிகிறது. பகல் வெளிச்சம் இருக்கும்வரை வாசிப்பேன்.