மேடத்துக்கு ஒரு கோடு போட்ட சட்டை

மார்ச் 4, செவ்வாய்

மேடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, நேற்று ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அடிவயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். இன்றைக்கென்று பார்த்து என் வீட்டுக்காரியின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்காரி அங்கே கிளம்பிவிட்டாள். ஆக, நாய் என் தலையில்.

'மேடம்' நான் வைத்த பெயர். அவளுக்கு 'குட்டி'. ஒன்பது வயதுக் குட்டி! இத்தனை வருஷத்தில் மேடம் என்னை ஒரு ஆளாக மதித்ததே இல்லை. முன்னறையில் நான் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தால் இரண்டு குரை குரைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். வாலாட்டுவதெல்லாம் வீட்டுக்காரிக்கு மட்டும்.

வாசலில் நின்று சொன்னாள்: "தண்ணி படக்கூடாது, நக்க விடக்கூடாது, குதிக்க விடக்கூடாது. நான் வரும்போது என் குட்டி எனக்கு முழுசா இருக்கணும், ஆமா."

தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து மேடத்தின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். எனக்கு? "பாலை ஃப்ரிட்ஜ்ல வைங்க."

மார்ச் 5, புதன்

மாத்திரையை வேகவைத்த முட்டைக்குள் ஒளித்து வைத்தேன். முட்டை போன இடம் தெரியவில்லை. மாத்திரை மட்டும் துடைத்து வைத்த மாதிரி தரையில் கிடந்தது. ஈரலுக்குள் வைத்தேன். அதே கதை. கடைசியில் ரொட்டிக்குள் வைத்து, "எனக்கே பத்தல, யாருக்கும் தர மாட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுகிற மாதிரி நடித்தேன். பிடுங்கிக்கொண்டு போய் ஒரே விழுங்கு. என்னிடமிருந்து பறித்தது என்றால் கசப்பும் இனிக்கிறது போல.

காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கோன் மாட்டியிருக்கிறார்கள். கதவில் இடி, நாற்காலியில் இடி. என் முழங்காலில் இடிப்பது மட்டும் வேண்டுமென்றே.

வீட்டுக்காரி போன் செய்தாள். "போனை அவ காதுல வைங்க." வைத்தேன். கொஞ்சினாள், சிரித்தாள், வைத்துவிட்டாள். இந்தப் பக்கம் ஒரு புருஷன் நிற்பது ஞாபகமே இல்லை!

மார்ச் 6, வியாழன்

உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காயத்தைத் துடைத்தேன். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா சொன்னபடி, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி. அப்போதுதான் தையலைக் கிட்டே பார்த்தேன்.

கை சுத்தம், ஒத்துக்கொள்கிறேன். இடைவெளி எல்லாம் சீர். ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும் நூலை நீட்டி விட்டுவைத்திருக்கிறாரே, இது என்ன வேலை? நூல் தொங்குகிற துணியை நான் இதுவரை கடைப்படி இறங்க விட்டதில்லை. கல்யாணத்துக்குப் போனால்கூட முன்னால் நிற்பவர் சட்டையில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் என் கை சும்மா இருக்காது. இதனால் ஒரு தடவை அடி வாங்கப் பார்த்தேன்.

அதில் இரண்டு நூல் மேடத்தின் தொடையில் உரசிக்கொண்டே இருக்கிறது. குத்துமே, பாவம். என் கழுத்தில் தொங்கிய சின்னக் கத்தரியை எடுத்தேன். சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான். அந்த இரண்டையும் முடிச்சோடு ஒட்ட நறுக்கினேன். இப்போது லட்சணமாக இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

கோனுக்கு இன்று முடிவு கட்டியாயிற்று. மேடம் அதைக் கட்டில் காலில் மோதிப் பிளந்துவிட்டார். போகட்டும். தையல்காரன் வீட்டு நாய்க்கு பிளாஸ்டிக் எதற்கு? வயிற்றை மூடுகிற மாதிரி, முதுகில் பட்டன் வைத்து ஒரு சட்டை. அளவெடுக்கும்போது உறுமினார். பெரிய இடத்து ஆட்கள் அப்படித்தான்.

துணிக்கு எங்கே போக? மருந்துக்கடைக்காரருக்குத் தைத்த சட்டையில் மிஞ்சிய நீலக்கோட்டுத் துணி இருந்தது. நல்ல பருத்தி. "பேரனுக்கு ஒண்ணு வருமா?" என்று அவர் கேட்டபோது, "எங்கங்க, காலருக்கே இழுத்துப் பிடிச்சேன்" என்று சொல்லியிருந்தேன். மிச்சத் துணி தையல்காரனுக்கு. இதெல்லாம் உலக வழக்கம்.

துணியின் ஓரக்கரையையே சட்டை விளிம்பாக வைத்துத் தைத்துவிட்டேன். மடித்தடிக்கிற வேலை மிச்சம்.

மார்ச் 8, சனி

மேடம் பீரோ கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். சட்டை பிடித்துவிட்டது. தைத்தவனை இன்னும் பிடிக்கவில்லை. கழற்றப் போனால் பல்லைக் காட்டுகிறார்.

மார்ச் 9, ஞாயிறு

போனில் வீட்டுக்காரி: "காயம் எப்படி இருக்கு?" "கண்ணாடி மாதிரி இருக்கு." சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 10, திங்கள்



காலையில் மருந்துக்கடைக்காரர் பேன்ட் உயரம் குறைக்கக் கொண்டுவந்தார். மேடம் மூலையில் படுத்திருந்தாள். அவர் பேன்ட் பேச்சை விட்டுவிட்டு அவள் சட்டையையே பார்த்தார்.

"இது என் சட்டைத் துணி இல்ல?"

"இந்த மாதிரி ஊர்ல ஆயிரம் இருக்குங்க."

"கரையில மில்லு பேரு இருக்கும். பாத்துட்டா தெரிஞ்சிடும்."

நான் தடுப்பதற்குள் குனிந்து சட்டை விளிம்பைத் திருப்பினார். மில் பேர் இருந்தது. அதைப் படிக்காமல் அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரலில் ரத்தம்.

பட்டன் கழலவில்லை. நான் தைத்த பட்டன், அவ்வளவு கெட்டி. சட்டையையே வெட்டினேன். ரெண்டு இடத்துல தையல் விட்டுப்போய், வாய் பிளந்து... எந்த ரெண்டு இடம்னு எனக்குத் தெரியாதா? நான் வெட்டுன ரெண்டு. சரியா அதே ரெண்டு.

அவள் உறுமவில்லை. என் கையை நக்கினாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. ஐயோ, நக்காதடி, கடிச்சுத் தொலையேன்!

மருந்துக்கடைக்காரர் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேடம் என் மடியில். "பஞ்சை எடுக்காதீங்க, அழுத்திப் புடிங்க," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். பாதி வழியில் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப துணி மிச்சம் இருந்திருக்கு."

"இருந்துச்சுங்க."

டாக்டரம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். "நூலை யார் வெட்டினது?"

"நீட்டிக்கிட்டு இருந்துச்சு டாக்டர்..."

"நீட்டிக்கிட்டுத்தான் இருக்கணும்! வழுக்குற நூல் இது, வால் விடலேன்னா முடிச்சு உருவிக்கும். உள்தையல் தனியா இருக்கு, அது தாங்கிடுச்சு. அதுவும் போயிருந்தா குடல் வெளிய வந்திருக்கும், தெரியுமா? துணின்னு நெனச்சீங்களா?"

நீல நூலில் இரண்டு தையல் புதிதாகப் போட்டார். லேசாகச் சீழ் வைக்க ஆரம்பித்திருக்கிறதாம், ஜுரமும் இருக்கிறதாம். இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியுமாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரி போன் வந்தது. "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" சளி என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

மாத்திரையை நேராக உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பேசாமல் விழுங்கினாள். அதுதான் பயமாக இருக்கிறது. இந்தச் சாது எனக்கு வேண்டாம். என் திமிர் பிடித்த மேடம்தான் வேண்டும்.

மெஷினை இன்று மிதிக்கவில்லை. அவளுக்குச் சத்தம் பிடிக்காது.

மார்ச் 12, புதன்

இரண்டு வாய் சாப்பிட்டாள். புதுக் கோன். சட்டை கிட்டை எதுவும் கிடையாது. காலையும் சாயங்காலமும் காயத்தைப் பார்க்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு.

மார்ச் 13, வியாழன்

துப்பிவிட்டார்! மாத்திரையை என் செருப்பின் மேல் துப்பிவிட்டார்! எடுக்கப் போனால் உறுமல் வேறு. அப்பாடா, மேடம் திரும்பி வந்துவிட்டார். டாக்டரம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். "துப்புனதைச் சந்தோஷமா சொல்றது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

மார்ச் 15, சனி

வீட்டுக்காரி வந்துவிட்டாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு மேடத்தைப் புரட்டிப் பார்த்தாள். தையல்காரன் பெண்டாட்டி கண் இருக்கிறதே!

"ரெண்டு மட்டும் ஏன் நீல நூல்?"

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். கத்தரி தொங்க வேண்டிய இடம் காலி.

"வெட்டுனீங்களா?"

"ம்."

மேடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போய் வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மில்லு பேரோடவா தெச்சீங்க!" சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெஞ்ச்ல உக்காந்து அழுதீங்களாமே" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

தையல் பிரிக்கிற நாள். காயம் நன்றாக ஆறியிருக்கிறது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கத்தரியை என்னிடம் நீட்டினார். "இப்ப வெட்டலாம். ஆசை தீர வெட்டுங்க."

வாங்கக் கை வரவில்லை. வாழ்நாளெல்லாம் நூல் வெட்டியே சோறு தின்றவன். "நீங்களே பண்ணிடுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு மேடத்தின் தலையைப் பிடித்துக்கொண்டேன். மேடமும் பிடித்துக்கொள்ள விட்டார்.

மார்ச் 20, வியாழன்

மருந்துக்கடைக்காரர் பேரனுக்குச் சட்டை தைக்க உட்கார்ந்தேன். துணி நான் போய் எடுத்தது, அதே நீலக்கோடு. பெடலில் கால் வைத்தால் மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். மேடம் பெடல் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"குட்டி, வாடி!" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். ஒரு காது ஆடியது. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் மருந்துக்கடைக்காரர் வந்தார். "சட்டை ஆயிடுச்சா?"

"நாளைக்கு வாங்க."

"அதானே! எந்தத் தையல்காரன் இன்னைக்குன்னு சொல்லியிருக்கான்?"

நான் கீழே கை காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"சரி சரி, நாளைக்கே வரேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் படி இறங்கிப் போனார்.