விஸ்கி இல்லாமல் எழுந்த கல்லூரி

மேப்பிள் ஃபோர்க், ஓஹாயோ
செப்டம்பர் 20, 1836

அன்புத் தங்கை லொவினாவுக்கு அக்கா மெஹிட்டபிள் எழுதுவது.

எல்லோரும் சுகம். கையெல்லாம் கொப்புளம், தோள் வலி உயிர் போகிறது. ஆனாலும் இவ்வளவு சந்தோஷமாக நான் பேனா பிடித்ததே இல்லை. கல்லூரி எங்கள் ஊருக்குத்தான்!

பதினோரு மரவீடும் ஒரு மரம் அறுக்கும் ஆலையும் உள்ள ஊருக்குக் கல்லூரியா என்று சிரிக்காதே. கல்லூரி வந்தால் சாலை வரும், கடை வரும், தபாலும் ஒழுங்காக வரும். பக்கத்து ஊரும் அதற்கு வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. கல்லூரி தொடங்கும் பாதிரியார்கள் எங்களுக்குப் போட்ட நிபந்தனை இதுதான்: சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் முதல் கட்டடத்தின் சுவர்களைத் தாங்கும் நான்கு பெரிய மரச்சட்டங்களையும் ஊர் கூடி நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு விஸ்கி கூடாது.

அங்கேதான் வினை. சட்டம் தூக்கக் கூப்பிட்டால் விஸ்கி ஜாடி இல்லாமல் எவன் வருவான், உனக்குத் தெரியாததா? நான் இஞ்சித் தண்ணீரில் வெல்லப்பாகு கலந்து வைத்தேன். ஆலைக்கார ஜாபெஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன அண்ணி, மாட்டுக்கு வச்ச மருந்தை மாத்தி ஊத்திட்டீங்களா?" என்றார். மூன்று சட்டம் நின்றது. நாலாவதுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் சட்டத்தை உந்தி நிறுத்தும் கழியைப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஜாடி வரட்டும், சட்டம் எழும்பும்" என்று ஒரே பேச்சு. சூரியனோ இறங்கிக்கொண்டே இருக்கிறது.

எனக்கு வந்த கோபம்! பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழியை எடுத்தேன். "உக்காருங்க ராசா, நல்லா இளைப்பாறுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றேன். ஒன்பது பெண்கள் கூட வந்தார்கள். என் வீட்டுக்காரர் எண்ணிச் சொல்ல, தூக்கினோம். தோள் உயரம் வந்த சட்டம் அதற்குமேல் போகாமல் நடுங்கியது. செத்தோம் என்று நினைத்தேன். ஜாபெஸ்தான் முதலில் ஓடிவந்து தோள் கொடுத்தார். "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும் அண்ணி" என்று முனகினார். மற்றவர்களும் வந்தார்கள். நின்றுவிட்டதடி!

பெரிய பாதிரியார் கண் கலங்கி, "உங்கள் பையன்களெல்லாம் இங்கே படிப்பார்கள்" என்றார். "தூக்கினது நாங்களும்தானே ஐயா, பொண்ணுங்க படிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். பின்னாலிருந்து ஜாபெஸ், "கூடாதுன்னா அந்த நாலாவதை இப்பவே இறக்கிடலாம்" என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் பாதிரியார் குறிப்பேட்டில் எழுதிவிட்டார்: பரீட்சையில் தேறும் பெண்களும் சேரலாம்.

வசந்த காலத்தில் நீ எழுதியிருந்தாய், உன் மகள் தெர்சாவின் லத்தீன் புத்தகங்களை அவள் அப்பா அடுப்பில் போட்டார் என்று. சொல்ல ஒன்றுமில்லாமல்தான் நான் பதில் போடவில்லை. இப்போது சொல்கிறேன், அவளை இங்கே அனுப்பிவிடு. கால்வாய் உறைவதற்குள் படகேற்று. உன் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே இருந்தால் பனி வந்துவிடும்.

மாடியில் ஜன்னலோரம் கட்டில் போட்டாயிற்று. கர்த்தர் உனக்குத் தைரியம் தரட்டும். பிள்ளை தனியாக வரப் பயந்தால் நீயும் கிளம்பி வா. கட்டில் இரண்டு பேருக்குத் தாராளம். அளந்துதான் செய்யச் சொன்னேன்.

உன் அக்கா,
மெஹிட்டபிள்