எட்டாம் மாதச் சீட்டு

பீரோவைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிறது. மூன்று மாதமாக இப்படித்தான். நாப்தலின் உருண்டை போட்டுப் பார்த்தேன். இரண்டு வாசமும் கலந்து இன்னும் மோசமாகிவிட்டது.

நடுத்தட்டில், நீ எனக்கு எடுத்துக்கொடுத்த அரக்கு நிறச் சேலைக்குப் பக்கத்தில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கார்புரேட்டர் இருக்கிறது. அது என்ன செய்யும் என்று உன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்குமாம். அளவு தப்பினால் வண்டி இருமுமாம். அதற்குக் கீழே ஒரு உறையில் ஐம்பத்து நான்காயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன். இத்தனை வருஷமாகக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள், பணத்தை வங்கியில் போடாமல் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கல்லறைத் திருநாளன்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்றால், அது பழக்கம். உனக்கு அதற்கும் இடமில்லை. உன் வீட்டார் உன்னை எரித்து, சாம்பலைக் காவிரியில் கரைத்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

என்னைச் சீட்டில் சேர்த்தது நீதான். எம்.ஏ. படிக்கும்போதே நான் சீட்டுப் போடுகிறவர்களைக் கேலி செய்வேன். பிறகு ஏற்காடு மலையடியில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் இரண்டு தெரு தள்ளி நீயும் நானும் குடிவந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது, நீ சீட்டு நடத்தும் பிலோமினா அக்கா வீட்டு வாசலில் நின்று என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"கணக்குப் போட்டுப் பாத்தேன், பேங்க்ல போடறதே மேல்" என்றேன்.

"ஏம்புள்ள, மாசம் ஒருக்கா இருவது பேரு மொகத்தப் பாக்கறதுக்கு எந்த பேங்க்காரன் வட்டி குடுப்பான்? உள்ள வா."

இருபது பேர், மாதம் ஐயாயிரம், இருபது மாதம். அவசரமாகப் பணம் வேண்டியவர்கள் ஏலம் கேட்பார்கள். ஒரு லட்சத்தில் அதிகமாக விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளிக் கேட்கிறவருக்கு அந்த மாதச் சீட்டு. தள்ளிய பணத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவசரமில்லாதவர் கடைசிவரை இருந்தால் முழு லட்சமும் கிடைக்கும். நீ எப்போதும் கடைசிச் சீட்டுதான். பிலோமினா அக்கா உன்னைப் பேர் சொல்லியே கூப்பிட மாட்டார். "கடைசிச் சீட்டு வந்துட்டாளா?" என்பார். உனக்கு அதில் ஒரு பெருமை. உன் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். அவர் அனுப்பும் பணத்தில் வீட்டையும், கடைசிச் சீட்டுகளில் மகளையும் நீ தூக்கி நிறுத்தினாய்.

தாரணியை நினைக்கும்போது எனக்கு அவள் ஐந்து வயதில் சொன்னதுதான் முதலில் வரும். ஏற்காடு மலைப்பாதையில் இறங்கிவரும் வண்டிகளின் சத்தத்தை வைத்தே, வீட்டுக்குள் உட்கார்ந்தபடி என்ன வண்டி என்று சொல்லுவாள். சரியாகவும் இருக்கும். "இந்தப் புள்ளைக்குக் காதுல பெட்ரோல் ஊத்தியிருக்கு சாமி" என்று நீ சொல்லுவாய். முதன்முதலில் அவள் என்னை ஆன்ட்டி என்று அழைத்தபோது, "ஆன்ட்டி கீன்ட்டின்னா வாயிலயே போடுவேன், சித்தின்னு கூப்புடு" என்றாய். அந்த ஒரு வார்த்தையால் நான் எதில் மாட்டிக்கொள்கிறேன் என்று அன்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்துக்கு முந்தின வாரம், நீ அதைச் சொன்னாய். தாரணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"நாம்போனதுக்கு அப்பறம் அவ உங்கிட்டதான் வருவா. காசு விசயம்னா கேட்டதும் குடுத்துப்போடாத."

"சரி" என்றேன்.

"ஆனா இல்லீன்னும் சொல்லிப்போடாத."

"ரெண்டையும் எப்படிச் செய்யறது?"

"நீதான படிச்சவ" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

விளக்கம் கேட்டிருக்க வேண்டும். உனக்கு மூச்சு வாங்கியது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நீ போன பிறகு தொடங்கிய புதுச் சீட்டில் உன் இடத்தில் தாரணி சேர்ந்தாள். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிற வேலை. அங்கேயே விடுதி. ஞாயிறு வந்து உன் வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டு, சீட்டுப் பணம் கட்டிவிட்டு, என்னிடம் சாப்பிட்டுப் போவாள். கடைசிச் சீட்டை எடுத்துக் கோயம்புத்தூரில் கார் வடிவமைக்கும் ஓராண்டுப் படிப்பில் சேர்வது என்று அவளே சொல்லியிருந்தாள். கட்டணம் சரியாக ஒரு லட்சம். எனக்குக் கவலையில்லாமல் இருந்தது.

எட்டாம் மாதம் வந்ததும் பேச்சு மாறியது. சேந்தமங்கலத்தில் ஒரு கோழிப்பண்ணையில் பழைய கார் ஒன்று கிடக்கிறது, ஐம்பத்தைந்தாயிரத்துக்குத் தருகிறார்கள், சீட்டை இப்போதே எடுக்கப்போகிறேன் என்றாள். என்னையும் அழைத்துப் போய்க் காட்டினாள்.

தீவன மூட்டைகளுக்கும் முட்டை அட்டைகளுக்கும் நடுவே அது நின்றது. நீளமான மூக்கு, தட்டையான நான்கு டயர்கள். இருக்கையின் மேல் கோழி இறகு. கதவின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டேன். துரு உதிர்ந்தது. தாரணி தரையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்துவிட்டாள். பண்ணைக்காரர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், பொட்டப்புள்ளைங்க நகைக்கடைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லும். இது உங்கள எங்க கூட்டிட்டு வந்துருக்குது பாருங்க."

அடியிலிருந்து குரல் வந்தது. "நகையக் கழட்டி மாட்டறதுல என்னங்க மாமா இருக்குது?"

அவர் சிரித்தார். பிறகு என்னிடம், "இந்த மாசத்துக்குள்ள சொல்லிப்போடுங்க. மூட்டை அடுக்க எடம் பத்தலீங்க. பழைய இரும்புக்காரன் ஒருத்தன் கேட்டுட்டு இருக்கறான்" என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவளுடைய கை முழுக்கக் கறுப்பு. அதை மடியில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டே பேசினாள்.

"சித்தி, அந்தப் படிப்புல கம்ப்யூட்டர்லதான் கார் வரைவாங்க. வரையறதுக்கு முந்தி ஒரு காரையாவது கழட்டி மாட்டியிருக்கணும்ல?"

"மாட்டத் தெரியலைன்னா?"

"மொதல்ல தெரியாமத்தான் சித்தி இருக்கும்."

"படிப்புக்குப் பணம்?"

"மறுபடி சேப்பேன். ரெண்டு வருசம் தள்ளிப் போகும். படிப்பு எங்கயும் போகாது. வண்டிய இரும்புக்காரன் வெட்டிருவான்."

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அந்தத் துருவும் பொய்யில்லை. உன் கணவருக்குப் போன் செய்தேன். பின்னணியில் ரிக் ஓடும் சத்தம். "நீங்க என்ன சொல்றீங்களோ அதாங்க டீச்சர்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஏலம். கேட்டதும் கொடுத்துவிடாதே என்றாய். அவள் கேட்கவில்லை, அவள் பணம். இல்லையென்று சொல்லாதே என்றாய். சொல்லவும் எனக்கு உரிமையில்லை. பூசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்காமல் இதையே யோசித்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எனக்கும் அந்தச் சீட்டில் ஓர் இடம் இருக்கிறதே. அவளுக்குப் போட்டியாக நான் கேட்டால் தள்ளு ஏறும். நஷ்டத்தைப் பார்த்துப் பயந்து அவளே விட்டுவிடுவாள். நான் எதுவும் சொன்னதாகவும் ஆகாது.

எட்டாம் மாதத்தில் வழக்கமாகப் பதினைந்தாயிரம் தள்ளினால் சீட்டு கிடைத்துவிடும். தாரணி பதினைந்து என்றாள். நான் இருபது என்றேன். பிலோமினா அக்கா நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"டீச்சரா? உங்களுக்கு என்ன அவசரம்?"

"ஒரு செலவு இருக்கு."

தாரணி என்னைப் பார்க்கவில்லை. "இருபத்தஞ்சு."

"முப்பது."

மூலையில் உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். "கேளுங்க டீச்சர், கேளுங்க. நீங்க கேக்கக் கேக்க நமக்கெல்லாம்தான் லாபம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் புன்னகைத்தேன் என்று நினைக்கிறேன்.

முப்பத்தைந்து. நாற்பது. இத்தனைக்கு அவள் நிறுத்தியிருக்க வேண்டும், என் கணக்குப்படி. நான்தான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. நான் நிறுத்தினால் நாற்பதாயிரத்துக்கு மேல் இழந்து அவள் அந்த வண்டியை வாங்குவாள். அதில் பெரும்பங்கு நான் ஏற்றிவிட்டது. அதை நினைத்ததும் நிறுத்த முடியவில்லை. நாற்பத்தைந்து என்றாள் தாரணி. நாற்பத்தாறு என்றேன்.

அவள் நிறுத்தினாள். பயந்து நிறுத்தவில்லை. நாற்பத்தைந்து தள்ளினால் கையில் ஐம்பத்தைந்து வரும், வண்டியின் விலை. அதற்கு மேல் ஓராயிரம் தள்ளினாலும் வண்டி இல்லை. அவள் கடைசி ரூபாய்வரை வந்து பார்த்திருக்கிறாள். வருஷக்கணக்கில் ஏலத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்கு இது மறுநாள்தான் புரிந்தது.

"எடுத்துக்கோ சித்தி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிலோமினா அக்கா கொடுத்த ஐம்பத்து நான்காயிரத்தோடு அவள் பின்னாலேயே உன் வீட்டுக்குப் போனேன். உறையை நீட்டினேன். மீதி ஆயிரமும் தருகிறேன் என்றேன். துடைப்பத்தைக் கீழே வைக்காமலே, "அது உங்க செலவுக்குங்க சித்தி" என்றாள். அவள் என்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு உள்ளே போய் இந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து வந்தாள். வண்டி வாங்குமுன்பே பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி வைத்திருக்கிறாள். "இது உங்க ஊட்ல இருக்கட்டும். இங்க இருந்தா எடுத்து எடுத்துப் பாப்பேன்."

நான்கு நாள் பொறுத்தேன். வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, உறையில் ஓராயிரம் சேர்த்து, நாமக்கல் போய் அங்கிருந்து சேந்தமங்கலம் பேருந்து பிடித்தேன். வாங்கி அவள் பெயருக்கு எழுதிவிட்டால் என்ன செய்வாள் பார்க்கலாம் என்று. கொல்லிமலை ஜன்னலில் வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான், அந்தப் பேருந்தில், நீ ஆஸ்பத்திரியில் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்ட பிறகு சொன்னது. தூக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"அடுத்த சீட்டு எட்டாம் மாசமே எடுத்துரணும்புள்ள."

"எதுக்கு?"

"சும்மாதான். ஒருக்கா தள்ளி எடுத்துப் பாக்கணும். எப்பிடி இருக்குதுன்னு."

பண்ணையில் வண்டி நின்ற இடத்தில் தீவன மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மூட்டைகளுக்கு இப்பால், வாசல்வரை டயர் இழுபட்ட தடம் மட்டும்.

"நேத்துதானுங்க ஏத்திட்டுப் போனாங்க" என்றார் பண்ணைக்காரர். "அந்தப் புள்ள திங்கக்கெழமையே போன் போட்டு வேண்டாமுன்னு சொல்லிருச்சுங்களே. நீங்க வாரதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுருக்கலாமில்லீங்க?"

மோர் கொடுத்தார். குடித்தேன். உறையைக் கைப்பையை விட்டு வெளியே எடுக்கவேயில்லை. அங்கே போனதைத் தாரணியிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் சொல்லியிருப்பாரா, தெரியாது. அவள் கேட்டதில்லை.

இப்போது அவள் பணம் பத்திரமாக இருக்கிறது. இருபதாம் மாதம் முழு லட்சம் வரும். படிப்புக்கான விண்ணப்பம் வந்துவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டேன். "பாக்கலாம் சித்தி" என்கிறாள். பழையபடி ஒருமைக்கு வந்துவிட்டாள், அதற்கு மேல் எதுவும் வரவில்லை. மலைப்பாதையில் வண்டி இறங்கும்போது நான் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறாள்.

போன ஞாயிறு கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"சித்தி, அது இருக்குதா?"

"இருக்கு."

"துணிக்குப் பக்கத்துல வெக்காத. பேப்பரத் தாண்டி எண்ணெ எறங்கும்."

சரி என்றேன். அவள் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். ஏற்கெனவே இறங்கியிருந்தது. நீ கொடுத்த சேலையின் முந்தானையில், உள்ளங்கை அகலத்துக்கு. சோப்புப் போட்டால் போகுமா என்று தெரியவில்லை, போட்டும் பார்க்கவில்லை. புதுத்தாள் சுற்றி, அதே இடத்தில், அந்த உறையின் மேலேயே திரும்ப வைத்தேன்.

கொடுக்கவும் இல்லை. இல்லையென்று சொல்லவும் இல்லை. நீ சொன்ன இரண்டையும் செய்துவிட்டேன்.