கணக்கில் வராத ரோடு

வாதுகெம்பார்,
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் பலுபிக்கு,

அம்மாவின் ஸலாம். இறைவன் அருளால் நாங்கள் நலம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன்.

பனியில் நின்று எடுத்த உன் படம் வந்தது. அத்தனை கம்பளிக்குள்ளும் நீ இளைத்திருப்பது தெரிகிறது. ஹாலந்தில் தெம்பே கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய். அங்கே யார் சோயாவை ஊறவைத்துப் பக்குவமாகச் செய்கிறார்களோ, கெட்டுப்போனதை வாங்கித் தின்றுவிடாதே. படத்தை அலமாரியில் வைத்திருந்தேன். நான் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு அதைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். வீட்டில் உன் அப்பாவைத் தவிர வேறு யாரும் இல்லை. 

இங்கே மழை பலமாகப் பெய்து ஓய்ந்திருக்கிறது. குளத்தில் கெளுத்தி மீன் நன்றாக வளர்ந்திருக்கிறது. நாளில் பாதி நேரம் அப்பா அங்கேதான். உன் கடிதம் வந்தால் சமையல்கட்டில் உட்கார்ந்து எனக்காகப் படிப்பது போலச் சத்தமாகப் படிப்பேன். உன் சாப்பாடு, காய்ச்சல், வாடகை அறை எல்லாவற்றையும் முறம் பின்னுகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். 'ஆய்வு' என்ற சொல் வந்ததும் எழுந்து குளத்துக்குப் போய்விடுவார். ஒரு வருஷமாக இப்படித்தான்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ அன்று அந்த ஊர்க் கூட்டத்தைப் பார்க்கவில்லை. உன் ஆய்வுக்கு வேலை செய்கிற பிள்ளைகள் அரசாங்கப் பணத்தில் போட்ட நம் ஊர் ரோட்டைத் தோண்டிக் கல்லையும் மணலையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, கண்டதை ஊர் முன்னால் வாசித்தார்கள். போட்டதாகச் சொன்ன கல்லில் கால்வாசியைக் காணோம் என்றார்கள். சோற்றுக்கடை துமிரா எழுந்து, "தலைவரே, மிச்சக் கல்லு எங்க போச்சு? நான்தான் சோத்துல போட்டு வித்துட்டேனா?" என்று கேட்டாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. இத்தனை வருஷமாக ஊர்த் தலைவராக இருக்கும் உன் அப்பா செருப்பைத் தேடி எடுக்கத் தெரியாமல் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார்.

அன்று சாப்பிடவில்லை. "சீட்டுக் குலுக்கித்தான் ஆய்வுக்கு ஊரைப் பொறுக்குனாங்களாம். இந்த ஜில்லாவுல வேற ஊரே இல்லையா? பெத்த அப்பனை வச்சுத்தான் அவ டாக்டர் பட்டம் வாங்கணுமா?" என்றார். நீங்கள் எடுத்தீர்களா என்று நேராகவே கேட்டேன். வட்டார ஆபீஸ்காரர் தன் பங்கை முன்னாலேயே எடுத்துக்கொண்டாராம். லாரிக்காரர் சர்ஜோனோ முக்கால் லோடு கொட்டினார், இவர் முழு லோடு என்று கையெழுத்துப் போட்டார். "எல்லா ஊர்லயும் அப்படித்தான் நடக்குது" என்றார். அந்தக் கையெழுத்துப் போட்ட மாதம்தான் மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வந்தது. 

இதையெல்லாம் உனக்கு எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

கோடை பிறந்ததும் இஞ்சின் சத்தம் சரியில்லை என்று சொல்லி மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். அடுத்த வாரம், பிள்ளைகள் தோண்டிப் பார்த்த அதே ஆஸ்பத்திரிப் பக்கத்து ரோட்டில் கல் வந்து இறங்கியது. யார் கொடுத்தது என்று ஊர் கேட்டது. இவர் மண்வெட்டியோடு போய் நின்றார். முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாள் துமிரா ஒரு பானை சோற்றோடு வந்து, "வெறும் வயித்துல கல்லு சுமந்தா தலைவரு செத்துப்போவாரு, அப்புறம் யாரைத் திட்டுறது?" என்றாள். அதன் பிறகு ஊரே இறங்கியது. பெண்கள் ஆற்றிலிருந்து கல் சுமந்தோம். என் தோள்வலி இன்னும் போகவில்லை.

சர்ஜோனோ அடுத்த வேலைக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தபோது, லோடை அளக்காமல் போடமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குக் கூலியும் கிடைத்தது. இந்த வருஷம் ஆற்றுக்குப் பாலம் கட்ட வட்டார ஆபீஸிலிருந்து நம் ஊருக்குப் பணம் வரவில்லை. அக்கரையில் நிலம் வைத்திருப்பவர்கள் அவரைத்தான் ஏசுகிறார்கள். ஆனால் இந்த மழைக்கு ரோடு அசையவில்லை, பலுபி.

போன திங்களன்று உன் ஆய்வுப் பிள்ளைகள் இரண்டாம் தடவை அளக்க இந்தப் பக்கம் வந்தார்கள். நம் ஊரில் நிற்காமல் அடுத்த ஊருக்குப் போகப் பார்த்தார்கள். அப்பா ஜீப்பை மறித்துவிட்டார்.

"இங்க தோண்டிட்டுப் போங்க."

எஸ்தி என்ற பெண் இறங்கி வந்து, "உங்க ஊரு கணக்குல இல்லீங்க ஐயா" என்றாள்.

"போன வருஷம் இருந்துச்சே? கல்லு குறைஞ்சா கணக்கு, சரியா இருந்தா கணக்கு இல்லையா?"

"பலுபி அக்கா பட்டியல்ல ஊர்ப் பேரைப் பார்த்த அன்னைக்கே எடுக்கச் சொல்லிட்டாங்க ஐயா. சொந்த அப்பா தலைவரா இருக்குற ஊரை ஆராயுறது முறை இல்லைன்னு புரொபசருக்கு எழுதுனாங்க. அதுக்குள்ள நாங்க தோண்டி, கூட்டமும் போட்டு முடிச்சிட்டோம்."

அப்பா ஜீப்பின் மேலிருந்த கையை எடுத்தார். "அப்போ என் பேரு அவ ஆய்வுப் புஸ்தகத்துல இல்லையா?" என்று கேட்டார்.

"உங்க பேரும் இல்லை, ஊர்ப் பேரும் இல்லை."

நீ இதைப் பல கடிதங்களில் எழுதியிருந்தாய். அவர் காதிலும் விழுந்திருக்கும் என்று நான் இருந்துவிட்டேன். ஆய்வு என்றதும் எழுந்து போகிறவர் எப்படிக் கேட்டிருப்பார்? தன் திருட்டை மகளே ஹாலந்துக்காரர்கள் படிக்க அச்சடித்துவிட்டாள் என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி நம்பிக்கொண்டேதான் கல்லும் சுமந்திருக்கிறார்.

எஸ்தி நல்ல பெண். அவர் முகத்தைப் பார்த்து, எழுதிக்கொள்ளாமலே ஒரு குழி தோண்டி நிறுத்துப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கு ஐயா" என்றாள். அவளே குழியை மூடப் போனபோது விடவில்லை, இவரே மூடினார்.

வீட்டுக்கு வந்து குளத்தங்கரையில் உட்கார்ந்தவர் மீனுக்கு இரை போடவே மறந்துவிட்டார். சாயங்காலம் என்னிடம் வந்து, "அவ குளிருக்கு நல்ல பூட்ஸு வாங்கிக்கிட்டாளான்னு எழுதிக் கேளு" என்றார். அதனால் கேட்கிறேன். வாங்கினாயா?

எங்களுக்காக ஊரைத் திரும்பக் கணக்கில் சேர்த்துவிடாதே. உன் தொழிலின் நியாயம் உனக்குத்தான் தெரியும். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வெள்ளியன்று, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் டெலிபோன் கடையில் இருப்பேன், அங்கே போன் பண்ணு. அப்பாவும் வருவார். கரண்ட் பில் கட்ட வந்தேன் என்று சொல்வார், நம்பியது போல இருந்துகொள். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். அவருக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியாது, வயதாகிவிட்டது. நீ சின்னவள், நீ தொடங்கு. மன்னிப்பு எதுவும் வேண்டாம் மகளே, இரண்டு பக்கமும் வேண்டாம். "அப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திரு. எத்தனை நேரம் ஆனாலும் வைத்துவிடாதே.

இறைவன் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

உன் அம்மா
சுவார்த்தி