டேங்க் மூடியில் ஒரு ஓட்டை

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. உன் வண்டியின் வாடை. இந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதனால் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

உன் காரியம் முடிந்த மறுவாரம் உன் மனைவி வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். "நீங்களே ஓட்டுங்கண்ணா. சும்மா நின்னா துருப் பிடிச்சிடும்" என்றாள். ஈஜிபுராவிலிருந்து அத்திபெலே கம்பெனிக்குப் பதினெட்டு வருஷம் நான் பின்னால் உட்கார்ந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டே போன வண்டி. எனக்கு ஓட்டத் தெரியாதா என்ன என்று வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரமே மானத்தை வாங்கியது. சந்தாபுரா நெருங்கும்போது இழுவை குறையும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் இருமும், பிறகு அடங்கிவிடும். பின்னால் வரும் லாரிக்காரன் கன்னடத்தில் என் வம்சத்தையே விசாரிப்பான். ஓரமாகத் தள்ளிப் போய், உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்த பிறகு அதுவாகவே உயிர் வரும். மறுநாள் ஒழுங்காகப் போகும். அதற்கு மறுநாள் பழையபடி நிற்கும்.

பிளக் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். இக்னிஷன் காயில் புதிது, ஒயர் புதிது. ஈஜிபுரா மெக்கானிக் ஒவ்வொரு முறையும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பஸ்ட் கிளாஸா ஓடுதே சார், நீங்க கிளட்ச் சரியா விடறதில்லையோ?" என்பார். ஒரு சுற்றுக்கு எந்த வண்டிதான் நிற்கும்? எனக்குக் கோபம் அவர்மேல்கூட இல்லை, உன்மேல்தான். உன்னிடம் மட்டும் எப்படி ஓடித் தொலைத்தது இது?

இன்று காலை சந்தாபுராவில் ஒரு மெக்கானிக் கடைக்கு எதிரிலேயே நின்றது. கடைக்காரர் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அவர் சிரித்துவிட்டார். மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டாம். பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டுமாம். அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் கீழே இறங்காது, வண்டி நின்றுவிடும். மூடியை என் கையில் கொடுத்துக் குண்டூசியால் குத்தச் சொன்னார். குத்தினேன். "அஷ்டே சார், முடிஞ்சுது" என்றார்.

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. சந்தாபுராவுக்கு முன்னால் டீக்கடையில் தினமும் நிறுத்துவாய். நான் டீ சொல்வேன், நீ மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பாய். "பெட்ரோலை எவனாவது உறிஞ்சிட்டானா? மூடுடா" என்று எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறேன்! "ரெண்டு நிமிஷம் நின்னா சரியாயிடும்டா" என்பாய். கோளாறு இருப்பது உனக்குத் தெரியும். நீ அதைச் சரிசெய்யவில்லை, சமாளித்தாய்.

கம்பெனி மாடிப்படியிலும் அதே வசனம்தான். கடைசி ஆறேழு மாதம் பாதிப் படியில் நின்றுவிடுவாய். ஒரு கை கைப்பிடியில், மற்றதில் போன். போன் திரை இருட்டாக இருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். "என்னடா?" என்றால், "ரெண்டு நிமிஷம்." நானும் கூடவே நின்றேன். ஒரு நாளாவது உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

நீ விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மனைவி கேட்டாள்: "உங்ககிட்ட ஏதாவது சொன்னாராண்ணா?" "இல்லம்மா" என்றேன். நீ சொல்லவில்லைதான். ஆனால் நான் பார்த்திருந்தேனே. எட்டு மாதமாக அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

இன்று கம்பெனிக்குப் போகாமல் வண்டியைத் திருப்பினேன். உன் வீட்டுக்கே போய், மாடிப்படி, போன், எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். வெளியே போகச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் கடைசிவரை கேட்டாள். "வீட்லயும் அப்படித்தாண்ணா நெஞ்சைப் புடிச்சிட்டு உக்காருவாரு. கேட்டா கேஸுன்னாரு. நானும் நம்பி ஓமத்தண்ணி வாங்கிக் குடுத்துட்டு இருந்தேன்" என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு மாதமாக வண்டியை உதைக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஓர் இறுக்கம் வருகிறது. வண்டிமேல் இருக்கிற ஆத்திரம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அதைச் சொன்னேன். அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். நான் சாவியை எடுத்தேன். "வண்டி வேணாம். ஆட்டோல போலாம்" என்றாள். அத்தனை பாடுபட்டுச் சரிசெய்த வண்டி வாசலிலேயே நின்றது. ஆட்டோவில் போகும்போது வழி முழுக்க இரண்டு பேரும் உன்னைத் திட்டினோம்.

"எத்தனை நாளா இருக்கு?" என்றார் டாக்டர். கேஸாக இருக்கும் என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு இன்னும் இரண்டு பரிசோதனை இருக்கிறது, அவளும் கூட வருகிறாள். உன்மேல் இருக்கிற கோபத்தை மட்டும் நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அதற்கு மருந்து கொடுத்துவிடப் போகிறாரே என்று பயமாக இருந்தது.